ஒரே குண்டு, இரண்டு பயம்

கேள்வி கேட்ட தம்பிக்கு 2019இல் பதினொரு வயதாம். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு பள்ளிக்கூட வாசலில் புத்தகப் பையைக் கொட்டிக் காட்டியது மட்டும்தான் அவருக்கு நினைவிலிருக்கிறது. "அதற்கு முதல் இருபது, இருபத்தைந்து வருடம் கொழும்பில் குண்டு வெடித்துக்கொண்டே இருந்ததாமே. நீங்கள் எல்லாரும் எப்படிக் கந்தோருக்குப் போனீர்கள், எப்படிப் படம் பார்க்கப் போனீர்கள்? பயம் பழகிவிடுமா, அங்கிள்?" என்று கேட்கிறார்.

பழகும். ஆனால் கொழும்பில் இருந்தது ஒரு பயமல்ல, இரண்டு. குண்டு வெடித்தால் செத்துவிடுவேனோ என்பது ஒன்று. அது எல்லாருக்கும் பொது. குண்டு வெடித்தால் என்னைப் பிடித்துக்கொண்டு போவார்களோ என்பது மற்றது. அது தமிழரான எங்களுக்கு மட்டும். முதலாவது பயம் சீக்கிரம் பழகியது. இரண்டாவதை நாங்கள் மறைக்கத்தான் பழகினோம்.

நான் வெள்ளவத்தை. 1988இல் கோட்டையில் ஒரு தனியார் கந்தோரில் கிளார்க்காகச் சேர்ந்தேன். அதற்கு முந்திய வருடம் ஏப்ரல் 21ஆம் தேதி புறக்கோட்டை பஸ் நிலையத்தில் கார்க் குண்டு வெடித்து 113 பேர் செத்திருந்தார்கள். தேதியைப் பாருங்கள், 32 வருடம் கழித்து உயிர்த்த ஞாயிறு வந்ததும் ஏப்ரல் 21. இதில் ஒரு அர்த்தமும் இல்லை, ஆனால் கொழும்புச் சனம் இப்படித் தேதி பார்க்கும்.

எங்கள் கந்தோரில் ஜன்னலோர மேசைக்கு எப்போதும் போட்டி. துறைமுகப் பக்கத்துக் காற்று வரும், கப்பல் தெரியும். 1996 ஜனவரி 31, புதன்கிழமை, தேநீர் வேளை கழிந்த நேரம், இரண்டு தெரு தள்ளி மத்திய வங்கி வாசலில் வெடிமருந்து ஏற்றிய லொறி வெடித்தது. 91 பேர் செத்தார்கள், காயப்பட்டவர்கள் 1,400 அளவில். அந்தக் குண்டைப் பற்றிக் கோட்டைக்காரர்கள் யாரிடம் கேட்டாலும் இரும்பையோ நெருப்பையோ சொல்லமாட்டார்கள், கண்ணாடியைத்தான் சொல்வார்கள். சத்தம் கேட்டதும் என்ன என்று ஜன்னலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தவர்களின் முகத்தில் கண்ணாடி வந்து அடித்தது. நூற்றுக்கு மேற்பட்டோருக்குக் கண் போனதாக அப்போது சொன்னார்கள். அதன் பிறகு எங்கள் கந்தோரில் ஜன்னலோர மேசைக்கு ஆளில்லை. கண்ணாடிகளுக்குக் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டினார்கள். "சத்தம் கேட்டால் ஜன்னலுக்குப் போகாதே, மேசைக்குக் கீழே போ" என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தோம், கழிப்பறை எந்தப் பக்கம் என்று காட்டுகிற மாதிரி. பயம் பழகுவது என்றால் இதுதான். நெஞ்சிலிருந்து இறங்கி மேசை போடும் இடத்துக்கும் டேப்புக்கும் போய்விடுகிறது.

அதே வருடம் ஜூலை 24, பின்னேரக் கந்தோர் ரயில் தெஹிவளையில் நிற்கும்போது பெட்டிகளுக்குள் குண்டுகள் வெடித்தன. 64 பேர் போனார்கள். அது எங்கள் பாதை. நான் அன்று வேறு ரயிலில் வந்தேன், அதைப் பற்றிக் கதைக்க எனக்கு விருப்பமில்லை. அடுத்த நாள் முதல் ரயிலில் ஏறினால் எல்லாருடைய கண்ணும் முதலில் மேலே சாமான் தட்டுக்குப் போகும், பிறகு சீட்டுக்குக் கீழே போகும், அதற்குப் பிறகுதான் பத்திரிகைக்கு வரும். சொந்தக்காரன் தெரியாத பார்சல் ஒன்று கண்ணில் பட்டால் யாராவது "மேக்க காகெத?" என்று கேட்பார். இது யாருடையது என்று அர்த்தம். பதில் வரும்வரை பெட்டி முழுக்க மூச்சு நின்றுவிடும். பெரும்பாலும் மூலையில் நித்திரையாயிருந்த ஒரு ஆள் திடுக்கிட்டு எழும்பி "மகே, மகே" என்பார், எல்லாரும் அவரைத் திட்டுவோம்.

அந்தக் கேள்வி உயிரைக் காப்பாற்றியதும் உண்டு. 2008 பெப்ரவரியில் கல்கிசையில் ஒரு பஸ்ஸில் கேட்பாரற்றுக் கிடந்த பொதியைக் கண்டு எல்லாரையும் இறக்கினார்கள், இறக்கிய பிறகு வெடித்தது. சிலர் காயப்பட்டதோடு போயிற்று. பிலியந்தலையிலும் கட்டுபெத்தையிலும் அந்த வருடம் பஸ்ஸுக்குப் போன சனத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை.

வீட்டுக்குள்ளும் கணக்குகள் இருந்தன. நானும் மனைவியும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போவதை நிறுத்தினோம். ஒரே வாசல், ஒரே ஹோல்ட், ஒரே 100ஆம் நம்பர் பஸ், ஆனால் அவ முதல் வருகிற பஸ், நான் அடுத்தது. ஒன்று போனாலும் பிள்ளைகளுக்கு மற்றது மிஞ்சும். இதை நாங்கள் இருந்து கதைத்து முடிவெடுத்ததாக ஞாபகமில்லை. ஒரு நாள் அவ ஏறினா, நான் ஏறவில்லை, அவ்வளவுதான். பிற்காலத்தில் விசாரித்தால் அந்தத் தெருவில் சிங்களக் குடும்பங்களும் இதையே செய்திருக்கிறார்கள். இதுவரை நான் சொன்னதில் தமிழருக்கும் சிங்களவருக்கும் வித்தியாசம் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? குண்டு ஐசி, அதாவது அடையாள அட்டை, பார்த்து வெடிப்பதில்லை.

ஐசி பார்ப்பது செக் பொயிண்ட். அந்தக் காலத்தில் சிங்கள ஊர்களில் கொடுத்த அடையாள அட்டையில் சிங்களம் மட்டும் இருக்கும். வடக்கு கிழக்கில் கொடுத்ததில் சிங்களமும் தமிழும் இருக்கும். ஆகவே அட்டையை வாசிக்கத் தேவையில்லை, தூரத்தில் பிடித்துப் பார்த்தாலே போதும். திருப்பினால் பிறந்த இடம் யாழ்ப்பாணம். "கம கொஹெத?" என்று கேட்பான் காவலுக்கு நிற்கும் ஆமிப் பொடியன். ஊர் எங்கே என்று. அட்டையில் எழுதியிருக்கிறதைத்தான் கேட்கிறான், நான் அதைச் சொல்லும் விதத்தைப் பார்க்க. பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்குவார்கள். நாற்பது பேர் திரும்ப ஏறுவார்கள், இரண்டு மூன்று பேர் ரோட்டோரம் நிற்போம். பஸ் எங்களுக்காகக் காத்திருக்கும், உள்ளேயிருந்து எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். துவக்கு வைத்திருந்தவனைவிட அந்த ஜன்னல்களைத்தான் எனக்குத் தாங்க முடியாது.

பொலிஸ் பதிவு தனிக் கதை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எந்த ஊர், ஏன் கொழும்புக்கு வந்தார்கள் என்று படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். ஊரிலிருந்து மாமி கண் ஒப்பரேஷனுக்கு வந்து நாலு நாள் நின்றால் அதற்கும் ஓடவேண்டும். இரவு சுற்றிவளைப்பில் வந்து படிவத்தையும் தலைகளையும் சேர்த்து எண்ணுவார்கள். 2007 ஜூன் 7 விடிய முதல் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழரில் 376 பேரைப் பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். நகரத்தில் நிற்க உங்களுக்குத் தகுந்த காரணம் இல்லை என்றார்கள். அடுத்த நாளே உச்ச நீதிமன்றம் தடுத்து உத்தரவு போட்டது, பிரதமர் வருத்தம் தெரிவித்தார். வெளிநாட்டு விசாவுக்கும் வைத்தியத்துக்கும் வந்து லொட்ஜில் காத்திருந்த சனம் அது.

இந்த இரண்டாவது பயத்துக்கும் நாங்கள் பழக்கங்கள் வைத்திருந்தோம். பஸ்ஸில் போன் வந்தால் தமிழில் ஹலோ சொல்லாமல் "பேந்து எடுக்கிறேன்" என்பதை ஆங்கிலத்தில் முணுமுணுப்பது. கோட்டை நெருங்க முதல் பொட்டைத் தொட்டு அழிப்பது. என் மகளுக்கு நாலு வயதில் மனைவி சொல்லிக்கொடுத்தது இன்றும் காதில் நிற்கிறது: அம்மா என்று கூப்பிட்டால் பரவாயில்லை, சிங்களத்திலும் அம்மாதான். ரோட்டில் அப்பா என்று கத்தாதே, தாத்தா என்று கூப்பிடு. சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. ஒரு வருடத்துக்கு மேல் வெளியில் நான் தாத்தா, உள்ளே வந்தால் அப்பா. பிள்ளை அதை ஒரு விளையாட்டு என்றுதான் நினைத்தது.

ஒன்றை மறைக்கக்கூடாது. அந்தக் குண்டுகளை வைத்தது புலிகள், எங்கள் பெயரைச் சொல்லித்தான் வைத்தார்கள். தெஹிவளை ரயிலில் செத்தது கந்தோர்ச் சனம். இதை வீட்டுக்குள் சொன்னவர்கள் உண்டு, வெளியில் சொல்லத் துணிந்தவர்கள் குறைவு. ஒரு குண்டு வெடித்த அடுத்த நாள் கந்தோரில் தமிழருக்கு எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்பதே பெரிய வேலை. கவலைப்பட்டால் நடிப்பு என்பார்கள், பேசாமல் இருந்தால் சந்தோஷமாக்கும் என்பார்கள். மத்திய வங்கி வெடித்த அன்று எங்களுடன் வேலை செய்த ஒரு சிங்கள அம்மா, ஓய்வுபெற ஒரு வருடமே இருந்தவ, கையில் கட்டுடன் என்னைக் கூட்டிக்கொண்டு காலி வீதி வரை நடந்தா. வழியில் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நான் தனியே நடந்தால் என்ன நடக்கலாம் என்று அவவுக்குத் தமிழருக்கு எதிரான 1983 கலவரத்திலிருந்து தெரியும்.

1983 என்றதும் ஜூலை 24, 25ஐத்தான் எல்லாரும் சொல்வார்கள். பொதுசனப் பயம் என்று கேட்பதற்கு எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த வெள்ளிக்கிழமை, ஜூலை 29. எனக்கு அப்போது பதினேழு வயது. கொழும்பு கொஞ்சம் அடங்கி, கடைகள் திறந்து, சனம் வேலைக்கு வந்திருந்தது. திடீரென்று "கொட்டி அவித்" என்று ஒரு கதை. புலி வந்துவிட்டது என்று. ஒரு புலியும் வரவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் நகரம் முழுக்க வீட்டுக்கு ஓடியது, ஓடுகிற வழியில் அகப்பட்ட தமிழரைக் கொன்றது. கொன்றவர்களும் பயந்துதான் இருந்தார்கள், அதுதான் அதில் கொடுமை. பயந்தவன் ஒளிவான் என்று நினைக்கிறோம். கூட்டமாகப் பயந்தால் ஒளியமாட்டான்.

இப்போது 2019க்கு வருகிறேன். காலை ஒன்பது மணியளவில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டியில் செபஸ்தியார் கோயில், கொழும்பில் மூன்று பெரிய ஹோட்டல்கள், மட்டக்களப்பில் சியோன் தேவாலயம். பின்னேரம் தெஹிவளையிலும் தெமட்டகொடையிலும். 260க்கு மேற்பட்டோர் செத்தார்கள், பெருந்தொகையானோர் கத்தோலிக்கர். செய்தவர்கள் இஸ்லாமியத் தீவிரவாதி சஹ்ரான் ஹாஷிமின் கூட்டம். பத்து வருடம் செக் பொயிண்ட் இல்லாமல் இருந்த நகரம் ஒரே இரவில் பழையபடி ஆனது. வியப்பு என்னவென்றால் எங்கள் உடம்பு எதையும் மறந்திருக்கவில்லை. அடுத்த நாள் ஊரடங்கு தளர்ந்ததும் நான் கடைக்குப் போனபோது கேட்க முதலே பையைத் திறந்து நீட்டினேன். வீட்டில் மனைவி தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தா, குழாய்த் தண்ணீரில் விஷம் கலந்துவிட்டார்கள் என்று கதை வந்திருந்தது. பேஸ்புக்கையும் வட்ஸப்பையும் அரசாங்கம் முடக்கியும் அந்தக் கதை எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். 1983இல் வட்ஸப்பா இருந்தது?

பாடசாலைகள் மே 6இல் மேல்வகுப்புகளுக்குத் திறந்தபோது பாதி வகுப்புகள் வெறுமை. பெற்றோர் முறைவைத்து வாசலில் காவல் நின்றார்கள், 2006இலும் இப்படித்தான் நின்றோம். கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பைகள் கடைக்கு வந்தன. கத்தோலிக்கர் ஞாயிறு பூசையைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். இவை எல்லாம் முதலாவது பயம், எல்லாரும் பங்குபோட்டுக்கொண்டது.

இரண்டாவது பயத்தின் வரிசையில் மட்டும் ஆள் மாறியிருந்தது. இப்போது பஸ்ஸிலிருந்து இறங்கி ரோட்டோரம் நின்றது முஸ்லிம் பொடியன்கள். ஏப்ரல் 29இல் முகத்தை மூடுவதைத் தடைசெய்தார்கள். சட்டம் முகத்தைத்தான் சொன்னது, ஆனால் தலையை மட்டும் மூடி அபாயா போட்ட பெண்களையும் கடை வாசலிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் கழற்றச் சொன்னார்கள். (ஒரு வருடம் கழித்து கொரோனாவில் முகத்தை மூடாதவரைப் பொலிஸ் பிடித்தது. இந்த நாட்டில் பகிடி எழுத ஆள் தேவையில்லை.) ஹசலக்கவில் ஒரு பெண்ணின் சட்டையில் இருந்த கப்பல் சுக்கானைப் பௌத்தர்களின் தர்மச் சக்கரம் என்று சொல்லி அவரை விளக்கமறியலில் வைத்தார்கள். மே 13ஆம் தேதியளவில் குருநாகல் பக்கத்து ஊர்களிலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன, நாத்தாண்டியாவில் ஒரு தச்சுத் தொழிலாளியை வெட்டிக் கொன்றார்கள். குண்டு வெடித்து மூன்று கிழமை கழித்து, குண்டோடு ஒரு தொடர்பும் இல்லாத ஊர்களில்.

நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் பயம் பழகுமா என்று கேட்டீர்கள். மே மாதம், 100ஆம் நம்பர் பஸ், பம்பலப்பிட்டியில் ஒரு பொடியன் ஏறினான். சின்னத் தாடி, முதுகில் கனத்த பை. எனக்குப் பக்கத்து சீட் வெறுமையாக இருந்தது, வந்து இருந்தான். பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டான். நான் அடுத்த ஹோல்ட்டில் எழும்பினேன். என் ஹோல்ட் அது அல்ல. இறங்கி நின்று திரும்பிப் பார்த்தால் ஜன்னலால் அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், பதினைந்து வருடம் அதை நான் ரோட்டில் நின்று மேலே பார்த்தவன். அவன் பையை மடியில் வைத்தது ஏன் என்பது வீட்டுக்கு நடக்கும்போதுதான் விளங்கியது. கீழே வைத்தால் யாராவது "மேக்க காகெத?" என்று கேட்டுவிடுவார்கள்.

பை சோதனையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், அது உதவுமா என்று. தெஹிவளை ரயிலுக்கு உதவியிருக்கும். உயிர்த்த ஞாயிறுக்கு உதவியிருக்காது, ஏனென்றால் அங்கே குறை பையில் இல்லை, கடதாசியில். இந்தியாவிலிருந்து எச்சரிக்கை ஏப்ரல் 4இலேயே வந்தது. ஏப்ரல் 11இல் பொலிஸுக்குள் பெயர்களோடு ஒரு கடிதம் சுற்றியது. மேலே இருந்தவர்கள் எடுக்க வேண்டிய நடவடிக்கையை எடுக்கவில்லை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் தன் கையிலிருந்து கட்டச் சொன்னது, பொலிஸ் தலைவருக்கும் மற்ற அதிகாரிகளுக்கும் தனித்தனித் தொகை. வாசலில் நின்று குச்சியால் பையைக் கிண்டுகிற காவலாளிக்குச் சம்பளம் கொடுப்பது எங்களுக்கு ஆறுதல் தருவதற்காக. அதை நான் குறை சொல்லவில்லை, ஆறுதலும் ஒரு தேவை. ஆனால் அவர் பையைவிட முகத்தைக் கூடப் பார்க்கிறார் என்றால் ஒருவருக்குக் கொடுக்கிற ஆறுதலை இன்னொருவரிடமிருந்து எடுக்கிறார்.

கணக்கைப் பார்த்தால் வேடிக்கைதான். இலங்கையில் வீதி விபத்தில் 2018இல் மட்டும் 3,000க்கு மேல் செத்தார்கள், ஒருவரும் பஸ்ஸில் ஏறப் பயப்படவில்லை. அமெரிக்காவில் 2001 செப்டம்பருக்குப் பிறகு விமானத்துக்குப் பயந்து காரில் போனவர்களில் அடுத்த ஒரு வருடத்தில் சுமார் 1,500 பேர் கூடுதலாக வீதியில் செத்ததாக ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் கணக்கிட்டார். இதைச் சொன்னால் பயம் குறையும் என்று நினைக்கவேண்டாம். என் மனைவிக்கு நான் சொன்னேன். "சரி, அப்ப நீங்கள் முதல் பஸ்ஸில போங்கோ" என்றா.

பிள்ளைகளைப் பற்றி ஒன்று. 2019இல் என் பேத்தி படுக்கையை நனைக்கத் தொடங்கினாள். வைத்தியர் சொன்னது மிகச் சின்ன விஷயம்: தொலைக்காட்சியை நிறுத்துங்கள். எங்களுக்கு அது ஒரு வெடிப்பைத் திரும்பத் திரும்பக் காட்டுவது, நாலு வயதுக்கு ஒவ்வொரு தரமும் புதுக் குண்டு. நிறுத்தினோம், நித்திரைக்குப் பழைய நேரம், பழைய கதை, இரண்டு கிழமையில் சரியானது. பெரியவர்களுக்கும் பெரும்பாலும் அப்படித்தான், நாளாக நாளாகக் குறையும். நடந்ததை விவரமாகச் சொல்லு சொல்லு என்று ஆளை நெருக்கக்கூடாது, தானாகச் சொன்னால் கேட்கவேண்டும். மாதம் ஒன்று கழிந்தும் நித்திரையில்லை, அந்த ரோட்டால் போகமுடியவில்லை, வெடிச் சத்தத்துக்கு உடம்பு பதறுகிறது என்றால் அதைப் பொறுத்துக்கொண்டு இருக்கவேண்டியதில்லை, 1926 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் கதைக்கலாம், தமிழிலும். எங்கள் தலைமுறை பொறுத்துக்கொண்டது. நான் இன்றைக்கும் கிரிக்கெட் வென்றால் கொளுத்தும் வெடிக்கு முதலில் ஜன்னலைப் பார்க்கிறேன், பிறகுதான் யார் வென்றது என்று கேட்கிறேன்.

படம் பார்க்கப் போனது எப்படி என்றும் கேட்டீர்கள். போனோம், ஏன் போகாமல்? வாசலில் தடவிப் பார்த்து விடுவார்கள், ஓரச் சீட்டாக எடுப்போம். 1997 என்று நினைக்கிறேன், இடைவேளையில் எங்கள் வரிசையில் ஒரு சீட்டில் ஒரு பை தனியே கிடந்தது. ஒருவர் எழும்பினார், பிறகு இருவர், பிறகு வரிசை முழுக்கச் சத்தமில்லாமல் எழும்பிச் சுவரோடு போய் நின்றோம். ஐந்து நிமிஷம் கழித்து இரண்டு கையிலும் ரோல்ஸோடு ஒரு ஆள் வந்தார். வெறுமையான வரிசையைப் பார்த்தார், சுவரோடு நிற்கும் எங்களைப் பார்த்தார், தன் பையைப் பார்த்தார். ரோல்ஸைச் சீட்டில் வைத்துவிட்டுப் பையைத் தலைகீழாகக் கொட்டினார். பிள்ளையின் பால் போத்தல், இரண்டு நாப்கின், ஒரு கிலுகிலுப்பை. பிறகு நிமிர்ந்து, யார் என்ன ஆக்களோ தெரியாததால், "சொறி, சமாவென்ன, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று மூன்று பாஷையிலும் ஒரே மூச்சில் சொன்னார்.